ஒற்றைப்படை

எங்கள் ஊரில் பூவை எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.
மூன்று, ஐந்து, ஏழு என்றால் வாழ்த்து.
நான்கு, ஆறு என்றால்
வாங்குபவர் முகத்தைப் பார்க்காமல் சுற்றிக் கொடுப்பேன்,
சில்லறையையும் சத்தமில்லாமல் வைப்பேன்.

ட்செசிஸ் பேருந்து நிலையத்தை ஒட்டி என் கடை.
வால்மியெரா பஸ் ஓட்டுகிற ஸைகா
ஒரு நடைக்கும் மறு நடைக்கும் நடுவே கிடைத்த
பன்னிரண்டு நிமிடத்தில்
தன் கல்யாணத்தைத் திட்டமிட வந்தாள்.
நாற்பத்தாறு வயது. சீருடை. கையில் பாதி கடித்த ரொட்டி.
"ரோஜா வேண்டாம்,
மன்னிப்புக் கேட்கிறவர்கள் வாங்குவது அது" என்றாள்.
அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முதலில் ஜூன் என்று எழுதினோம்.
பியோனி. வேலியோரத்து டெய்சி.
கோதுமை வயலில் களையாய் வரும் நீலப்பூ,
அதற்குக் காசு கேட்க எனக்கே வெட்கம்.
நாற்காலி முதுகுக்குப் பிர்ச் கிளை,
வாசலுக்கு ஓக் இலை மாலை.
இருட்டவே இருட்டாத இரவு, ஆகவே
விளக்குச் செலவு இல்லை.
அடிக்கோடு போட்டு நிமிர்ந்தபோது பஸ் போயிருந்தது.

மே கடைசியில், மரம் அறுக்கும் ஆலையில்,
ஓயார்ஸின் வலக்கை மோதிர விரல் போயிற்று.
எங்கள் பக்கம் மோதிரம் வலக்கையில்தான் போடுவது.
ஜூனை அடித்தேன்.
ஆஸ்பத்திரிக்கு ஐந்து டெய்சி கொண்டுபோனேன்.
கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி
"இப்போது ஒன்பது. நல்ல சகுனம்தானே?" என்றான்.
ஸைகா ஜன்னல் பக்கம் திரும்பினாள், தோள் குலுங்கிற்று.
சிரிப்புதான் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு செப்டம்பர்.
கறுப்புக்குப் பக்கத்துச் சிவப்பில் டேலியா.
ரோவன் பழக்கொத்து.
கிண்ணம் கிண்ணமாய் ஆப்பிள், பூவைவிட மலிவு.
பதினொரு மேசை, மேசைக்கு ஏழு டேலியா.
வியாழன் இரவே கட்டி முடித்து
வாளிகளில் நிறுத்திவிட்டுப் படுத்தேன்.
வெள்ளிக் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினாள்.
ஓயார்ஸின் அம்மா, தூக்கத்திலேயே.
"பூவை வீணாக்காதே" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழேழாய்க் கட்டியதை ஆறாறாய் ஆக்க
அதிக நேரம் பிடிக்கவில்லை.
கத்தரிக்கோல்கூடத் தேவைப்படவில்லை.
ரிப்பனை மட்டும் மாற்றினேன்.
அதே சிவப்பு.
அதே ஈரம்.

உருவிய ஒவ்வொன்றும் சேர்ந்து
வாளியில் பதினொன்று நின்றன.
திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான்.
கல்லறைக்கு ஆகாது, விற்கவும் மனம் வரவில்லை.
வீட்டில் உட்கார முடியாமல் லீவை ரத்துசெய்திருந்த ஸைகா
அவற்றை வாங்கி
ஸ்டியரிங்குக்கு முன்னால் செருகிக்கொண்டாள்.
அன்று நான்கு நடை.
யாருக்குக் கல்யாணம் என்று
ஏறியவர்கள் எல்லாம் கேட்டார்களாம்.
"எனக்குத்தான், தேதி மட்டும் தெரியாது" என்று
டிக்கெட் கிழித்தாளாம்.

மூன்றாம் முறை நான் நோட்டையே திறக்கவில்லை.
மார்ச், செவ்வாய்க்கிழமை, பதிவு அலுவலகம்.
அவளுடைய இடைவேளையை
அரை மணியாக நீட்டித் தந்திருந்தார்கள்.
தரையில் இன்னும் பனி, ஓரமெல்லாம் கறுத்து.
ஹாலந்திலிருந்து வந்த ட்யூலிப்பைக் காட்டினேன்,
வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள்.
ஆற்றங்கரையில் வில்லோ மட்டும்
இலையை முந்திக்கொண்டு மொட்டுவிட்டிருந்தது,
சாம்பல் நிறம், எலிக்குட்டிக்கு இருப்பதுபோல் ரோமம்.
ஒரு கிளை. அலங்காரம் அவ்வளவுதான்.

படியேறும்போது பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
இருபத்தாறு.
வேறு யாரும் எண்ணப்போவதில்லை என்று தெரியும்.
உள்ளே நிற்பதே இரண்டு பேர்,
இரண்டும் இரட்டைப்படைதான் என்றும் தெரியும்.
இருந்தும் ஒன்றைக் கிள்ளிக்
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரலில் கோட்டைத் துவைக்க எடுத்தபோது
சாவிக்கொத்தெல்லாம் மஞ்சள் பொடி.